வீட்டில் வளரும் வாத்துக் குஞ்சுகள்: மூச்சுத் திணறல், வெப்பத் தாக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடையில் சந்தையிலிருந்தோ தெருவில் கூடையோடு வருபவரிடமிருந்தோ வாத்துக் குஞ்சுகளை வாங்கி வருகிறோம். இரண்டாம் நாளே ஒன்று வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்குகிறது. இங்கே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை அந்த நேரத்தில் எழுபவை. நான்கு குஞ்சோ பத்துக் குஞ்சோ வீட்டில், கொல்லையில், மொட்டை மாடியில் வளர்ப்பவர்களுக்கானவை இந்தப் பதில்கள். அறுவடை முடிந்த வயல்களில் ஆயிரக்கணக்கில் மேய்க்கும் வாத்துக்காரர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இராது.

குஞ்சு வாயைத் திறந்து வேகமாக மூச்சு வாங்குகிறது. வெயிலா, நோயா?

முதலில் அதை நிழலான, காற்றோட்டமான, குளிர்ந்த தரைக்கு மாற்றுங்கள். அலகு முழுக்க நனையும்படி ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். கால் மணி நேரத்திலிருந்து 20 நிமிடத்துக்குள் வாய் மூடி, மூச்சு நிதானமானால் அது வெப்பம். குளிர்ந்த இடத்திலும் வாய் திறந்தே இருந்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடினால், கழுத்தை நீட்டி மூச்சை இழுத்தால், அது வெப்பமல்ல. அங்கே கால்நடை மருத்துவர் தேவை.

இந்தச் சோதனையைச் செய்யாமல் கடைக்கு ஓடி மருந்து வாங்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கோடையில் நம் ஊரில் வீட்டுக் குஞ்சுகளுக்கு மூச்சு இளைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் நாமே போட்ட பல்பும் நாமே மூடிய அட்டைப்பெட்டியும்தான் என்பது என் கணிப்பு.

வெப்பம் தாக்கும்போது மூச்சு ஏன் மாறுகிறது?

பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையாது. வாத்தின் இயல்பான உடல் வெப்பமே 41 முதல் 42 டிகிரி செல்சியஸ். கூடுதல் வெப்பத்தைக் கால், சவ்விரல்கள், அலகு வழியாக வெளியேற்றும். அது போதாதபோது வாயைத் திறந்து, தொண்டையைப் படபடவென்று அசைத்து, உள்ளே இருக்கும் ஈரத்தை ஆவியாக்கிக் குளிர்ந்துகொள்ளும். ஆக, வாய் திறந்த மூச்சு அதன் வியர்வை. ஓடி விளையாடிய பின் சற்று நேரம் இப்படி மூச்சு வாங்கினால் பயப்பட வேண்டாம்.

ஆனால் இதற்கு விலை உண்டு. உடலில் உள்ள நீர் குறைகிறது. ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, ரத்தத்தின் கார அமிலச் சமநிலை குலைகிறது. நீண்ட நேரம் இளைத்த குஞ்சு தள்ளாடுவதும் மயங்குவதும் இதனால்தான். காற்றில் ஈரம் மிகுந்தால் ஆவியாதல் குறையும். அதனால் வேலூரின் வறண்ட 38 டிகிரியைத் தாங்கும் குஞ்சு, சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோரப் புழுக்கத்தில் அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே தளர்ந்துபோகலாம். வெப்பமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது பிடிபடாது.

முதல் வாரத்துக்கு 32 டிகிரி வேண்டும் என்கிறார்கள். மே மாதத்திலும் பல்பு போட வேண்டுமா?

பகலில் பெரும்பாலும் வேண்டாம். முதல் வாரம் 30 முதல் 32 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வருவது பொதுவான கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் நம் வீட்டுக் கூடமே பகலில் அந்த அளவைத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் பல்பும் எரிந்தால் குஞ்சு எங்கே போகும்? இரவில், விடியற்காலையில் மட்டும், அதுவும் முதல் ஒரு வாரம் பத்து நாள் வரை வெப்பம் கொடுத்தால் போதும். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே மூன்று நான்கு வாரம் வரை தேவைப்படலாம். மார்கழியில் சமவெளியிலும் இரவு வெப்பத்தை நீட்டிக்க வேண்டியிருக்கும்.

எண்ணைவிடக் குஞ்சுகளின் இருப்பைப் பாருங்கள். பல்புக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருக்கிக்கொண்டு, உரக்கக் கீச்சிட்டால் குளிர். பல்பை விட்டு விலகி, பெட்டிச் சுவரை ஒட்டி, இறக்கையை உடலிலிருந்து தள்ளி வைத்துக் கழுத்தை நீட்டிப் படுத்திருந்தால் சூடு. எல்லாம் ஒரே மூலையில் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. பரவலாகக் கிடந்து, மெல்லிய குரலில் பேசிக்கொண்டு தூங்கினால் எல்லாம் சரி.

கோழிக் குஞ்சு வளர்த்த அனுபவத்தை அப்படியே வாத்துக்கும் கொண்டுவருவது ஆபத்து. கோழிக் குஞ்சைவிட வாத்துக் குஞ்சுக்குக் குறைந்த வெப்பம் போதும். அதை விரைவிலேயே விட்டுவிடவும் தயாராகிவிடும்.

எந்தப் பல்பு, எவ்வளவு உயரத்தில்?

எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும். குஞ்சுக்கு வேண்டிய சூட்டைத் தராது. பழைய குண்டு பல்பு 40 அல்லது 60 வாட் போதும். கோழிப் பண்ணைகளில் தொங்கும் 250 வாட் சிவப்பு விளக்கு பெரிய குஞ்சுக் கூட்டத்துக்கானது. நான்கு குஞ்சு உள்ள அட்டைப்பெட்டியில் அதைத் தொங்கவிட்டால் குஞ்சும் வேகும், பெட்டியும் பற்றிக்கொள்ளும்.

உயரத்தைக் குஞ்சுகளே சொல்லட்டும். பல்பைப் பெட்டியின் ஒரு முனையில் மட்டும் தொங்கவிட்டு, மறுமுனையைக் குளிர்ச்சியாக விடுங்கள். பல வீடுகளில் செய்யத் தவறுவது இதுதான். சூடு தாங்காத குஞ்சுக்கு விலகிப்போக இடம் இருக்க வேண்டும். பெட்டியின் மேல்பகுதியை மூடாதீர்கள். பூனை, காக்கை பயம் இருந்தால் கம்பி வலை போடுங்கள்.

சுருண்டு விழுந்த குஞ்சுக்கு உடனே என்ன செய்வது?

நிழலுக்கு எடுத்துச் செல்லுங்கள். சாதாரணக் குழாய்த் தண்ணீர் அல்லது மண்பானைத் தண்ணீரில் கால்களை நனையவிடுங்கள். அலகையும் தலையையும் ஈரத் துணியால் ஒற்றுங்கள். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் மத்தியானத் தண்ணீர் கொதிக்கும். கையை விட்டுப் பார்த்த பிறகு பயன்படுத்துங்கள். விசிறியாலோ, தள்ளி வைத்த மேஜை மின்விசிறியாலோ மெல்லிய காற்று வரட்டும்.

ஐஸ் தண்ணீர் வேண்டாம். தோலின் ரத்தக் குழாய்கள் சட்டென்று சுருங்கி, உள்ளே இருக்கும் சூடு வெளியேற வழியில்லாமல் போகும். அதிர்ச்சியிலேயே சாகவும் கூடும். முழுவதும் முக்கி எடுப்பதும் இதே காரணத்தால் கூடாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: மயங்கிய குஞ்சின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பறவையின் மூச்சுக்குழல் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே திறக்கிறது. பாலாடையால் புகட்டும் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும். வெப்பத்தில் பிழைத்திருக்க வேண்டிய குஞ்சு புகட்டியதால் செத்துப்போவது அப்படித்தான். தலையைத் தானே தூக்க ஆரம்பித்ததும் அலகின் நுனியைத் தண்ணீரில் தொடவிடுங்கள். அது தானே குடிக்கும். கால்நடை மருந்துக் கடைகளில் கிடைக்கும் எலெக்ட்ரோலைட் தூளைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் கலந்து அன்று ஒரு நாள் வைக்கலாம். கண்ணளவில் உப்பைக் கரைத்து வைப்பது வேண்டாம். வாத்துக் குஞ்சுகள் உப்பைத் தாங்காதவை. உப்புப் போட்ட மீந்த சோற்றைக் கொடுக்க வேண்டாம் என்பதும் அதனால்தான்.

எழுந்து நடந்துவிட்டால் உடனே கூட்டத்தில் விடாதீர்கள். அன்று முழுவதும் நிழலிலேயே வைத்திருங்கள்.

வாத்துதானே, ஒரு டப் தண்ணீரில் விட்டால் குளிர்ந்துவிடாதா?

தாய் வாத்தோடு வளரும் குஞ்சுக்கு அதன் இறகிலிருந்து எண்ணெய்ப் பசை ஒட்டி, தூவி என்ற அதன் மென்முடி நனையாமல் இருக்கும். பெட்டியில் வளரும் குஞ்சுக்கு அந்த வசதி இல்லை. அதன் எண்ணெய்ச் சுரப்பி முறையாக வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். அதுவரை நீண்ட நேரம் தண்ணீரில் இருந்தால் தூவி நனைந்து கனத்து, குளிர்ந்து, களைத்து மூழ்கும். வெளியே எடுக்கும்போது மூச்சில் நீர்க்குமிழி ஒலி கேட்டால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று பொருள்.

ஒரு வாரம் கடந்த குஞ்சுகளைக் கணுக்கால் உயரத் தண்ணீரில், ஏறி வரக் கல் வைத்து, கண்காணிப்போடு ஐந்து நிமிடம் விடலாம். பின்பு துணியால் ஒற்றி உலரவிடுங்கள். வழவழப்பான பிளாஸ்டிக் டப்பில் ஏற வழி இல்லாமல் விட்டுவிட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள்.

தீவனம் தின்னும்போது கழுத்தை நீட்டி விக்குகிறது. மூச்சு அடைக்கிறதா?

பெரும்பாலும் பக்கத்தில் தண்ணீர் இல்லாததால் வருவது. வாத்து ஒரு வாய் தீவனம், ஒரு வாய் தண்ணீர் என்று மாறி மாறித் தின்னும். மாவுத் தீவனத்தைக் காய்ந்தபடியே போட்டால் எச்சிலில் பசையாகி அண்ணத்திலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும். நாசித் துளைகளையும் அடைக்கும். மூக்கு அடைத்த குஞ்சு வாயால் மூச்சு விடுவதைப் பார்த்துவிட்டு நிமோனியா என்று நினைப்பவர்கள் உண்டு. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அலகைத் துடைத்துப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

தண்ணீர்ப் பாத்திரம் நாசித் துளை முங்கும் ஆழமாவது இருக்க வேண்டும். வாத்து தன் மூக்கையும் கண்ணையும் கழுவிக்கொள்வது அதில்தான். முதல் வாரம் பாத்திரத்தில் கூழாங்கற்களைப் போட்டுவைத்தால் குஞ்சு உள்ளே விழாது. தீவனம் இருக்கும் நேரமெல்லாம் தண்ணீரும் இருக்க வேண்டும். இரவில் தண்ணீரை எடுத்தால் தீவனத்தையும் எடுத்துவிடுங்கள். கடும் கோடையில் விடியலிலும் சாயங்காலமும் தீவனம் அதிகம் கொடுத்து, உச்சிவேளையில் குறையுங்கள். செரிமானமும் உடலில் சூட்டை உண்டாக்கும்.

சத்தமே இல்லாமல் வாய் பிளந்து மூச்சை இழுக்கிறது. தீவனமும் எடுக்கவில்லை. இது என்ன?

குளிர்ந்த இடத்திலும் அப்படி இருந்தால் பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும். ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் விதைத்துகள்களை மூச்சில் இழுப்பதால் நுரையீரலிலும் காற்றுப் பைகளிலும் மஞ்சள் வெள்ளை முடிச்சுகள் உருவாகும். இருமல், சளி, கரகரப்பு எதுவும் பெரிதாக இல்லாமல் மூச்சுத் திணறல் மட்டும் தெரிவது இதன் குணம். பண்ணைக்காரர்கள் பயப்படும் குஞ்சு நிமோனியா இதுதான். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுவதில்லை. ஆனால் எல்லாம் ஒரே படுக்கையில் மூச்சு விடுவதால் அடுத்தடுத்து விழும். பார்ப்பவர் தொற்று என்றே நினைப்பார்.

இதற்கு நம்பகமான சிகிச்சை இல்லை. தடுப்பதுதான் வழி. மழையில் நனைந்து காய்ந்த வைக்கோல் முதல் குற்றவாளி. வாத்து தண்ணீரைச் சிந்திக்கொண்டே இருக்கும் பிராணி. நல்ல வைக்கோலும் அதன் கீழ் இரண்டு நாளில் பூத்துவிடும். புதிய உமி, பெரிய மரச்சீவல் நல்லவை. மரத்தூள் நுண்ணியது, மூக்கில் ஏறும், குஞ்சு அதைத் தின்னவும் செய்யும். தண்ணீர்ப் பாத்திரத்தை ஒரு தட்டின் மேல் கம்பி வலை வைத்து அதன்மேல் வைத்தால் சிந்துவது தட்டில் போய்விடும். ஈரமான பகுதியை அன்றாடம் அள்ளி எறியுங்கள். மேலே புதிய உமியைத் தூவி மறைப்பது சுத்தம் செய்வதாகாது.

தீவனப் பூஞ்சை வேறு கதை. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் லட்சத்துக்கும் அதிகமாக மடிந்தன. வாத்துக் குஞ்சுகளும் செத்தன. தீவனத்தில் கலந்திருந்த, பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலை மாவுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அதில் வளர்ந்த பூஞ்சை விட்ட நஞ்சுக்கு, பின்னாளில் அஃப்ளடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். அந்த நஞ்சு உணவில் இருக்கிறதா என்று அறிய ஆய்வுக்கூடங்களில் வாத்துக் குஞ்சுகளையே பயன்படுத்தினார்கள். அந்த அளவுக்கு அவை அதற்குப் பலவீனமானவை. அதனால் கட்டி கட்டியான, கசப்பு வாடை அடிக்கும் கடலைப் புண்ணாக்கும், பூத்த மக்காச்சோளமும் மாட்டுக்குப் போட்டு மிஞ்சியதாக இருந்தாலும் குஞ்சுக்கு வேண்டாம். இது மூச்சைவிட ஈரலைத்தான் தாக்கும்.

கண்ணில் நுரை, மூக்கில் நீர், தும்மல். ஆனால் தின்கிறது, ஓடுகிறது.

உங்கள் முகத்தைக் குஞ்சின் உயரத்துக்குத் தாழ்த்தி மோந்து பாருங்கள். கண் எரிந்தால், எச்சம் கலந்த ஈரப் படுக்கையிலிருந்து எழும் அம்மோனியா வாயுதான் காரணம். நின்றபடி மோந்தால் தெரியாது. படுக்கையை மாற்றி, தண்ணீரின் ஆழத்தைக் கூட்டினாலே ஓரிரு நாளில் தெளிந்துவிடும்.

வீட்டுக்குள் வைத்திருக்கிறோம். கொசுவர்த்தி, சாம்பிராணி பாதிக்குமா?

பாதிக்கும். பறவையின் நுரையீரல் வழியே காற்று ஏறக்குறைய ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கும். காற்றிலிருந்து பிராணவாயுவை நம்மைவிடத் திறமையாக எடுத்துக்கொள்ளும். நச்சையும் அதே திறமையோடு எடுத்துக்கொள்ளும். மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருள், கற்பூரம், தாளிப்புப் புகை, பூச்சிமருந்து ஸ்பிரே எல்லாமே கெடுதல். மிகக் கொடியது காலியாக அடுப்பில் காய்ந்த நான்ஸ்டிக் தவா. அதன் பூச்சு அளவுக்கு மீறிச் சூடாகும்போது வரும் ஆவி சில நிமிடங்களில் பறவையைக் கொல்லும். கொசுவுக்குப் பெட்டியின் மேல் கொசுவலை கட்டுங்கள்.

பிள்ளைகள் கையிலேயே வைத்திருக்கிறார்கள். அப்போது இளைக்கிறதே?

பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு துருத்தியைப் போல முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே வரும். மூக்கும் வாயும் திறந்திருந்தாலும், மார்பைச் சுற்றிக் கையை இறுக்கினால் மூச்சு நின்றுவிடும். பிள்ளைகளிடம் உள்ளங்கையில் உட்காரவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பிடிக்கவே வேண்டாம். தரையில் உட்கார்ந்து வைத்துக்கொள்ளட்டும். உச்சிவேளையில் கொஞ்சல் வேண்டாம். கையை சோப்புப் போட்டுக் கழுவுவதும் கட்டாயம்; நலமாக இருக்கும் வாத்திலும் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம்.

தலை பின்பக்கம் வளைந்து காலை உதைக்கிறது. வெப்பமா?

கடுமையான வெப்பத் தாக்கத்திலும் வலிப்பு வரலாம். ஆனால் சூடே இல்லாத நேரத்தில், முதல் சில வாரக் குஞ்சுகளில், நன்றாக இருந்தது ஒரு மணி நேரத்தில் தலையை முதுகுப் பக்கம் வளைத்துக்கொண்டு சாகிறது, அடுத்ததும் அப்படியே என்றால் வாத்துகளின் வைரஸ் ஈரல் அழற்சியை நினைக்க வேண்டும். கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, இருமல், தலை நடுக்கம், தள்ளாட்டம் சேர்ந்து வந்தால் ரைமெரெல்லா என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். இதற்கு மருந்து உண்டு, சீக்கிரம் தொடங்கினால். கழுத்தே துவண்டு தொங்கினால் அழுகிய குட்டையையும் செத்த பிராணியில் நெளியும் புழுவையும் தேடுங்கள். அழுகலில் வளரும் பாக்டீரியா விடும் பொட்டுலிச நஞ்சு மூச்சுத் தசைகளையும் முடக்கும்.

இவற்றை வீட்டில் பிரித்தறிய முயலாதீர்கள். நலமானவற்றைத் தனியே மாற்றிவிட்டு, செத்ததை நெகிழிப்பையில் கட்டிக் குளிர்ச்சியாக வைத்து, அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். அறுத்துப் பார்த்தால் பல விடைகள் கிடைக்கும். போக முடியாதவர்கள் 1962 என்ற அரசு கால்நடை உதவி எண்ணை அழைக்கலாம்.

வீட்டில் இருக்கும் ஆன்ட்டிபயாட்டிக் மாத்திரையில் கொஞ்சம் கரைத்துக் கொடுக்கலாமா?

கூடாது. வெப்பத்துக்கும் பூஞ்சைக்கும் அம்மோனியாவுக்கும் அது எதுவும் செய்யாது. ஐம்பது கிராம் உடலுக்கு அளவைக் கணக்கிடவும் உங்களால் முடியாது. அதேபோல், மருந்து கலந்த கோழிக் குஞ்சுத் தீவனத்தையும் தவிருங்கள். அந்த அளவு கோழிக்கானது; வாத்து அதைவிட அதிகம் தின்னும்.

நோய் எதுவும் இல்லை, ஆனால் உட்கார்ந்தே இருக்கிறது, நாலடி நடந்தால் இளைக்கிறது.

காலைப் பாருங்கள். நியாசின் என்ற பி வகை வைட்டமின் வாத்துக் குஞ்சுக்குக் கோழிக் குஞ்சைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தேவை. கோழித் தீவனத்தில் மட்டும் வளர்ந்தால் கணுக்கால் வீங்கி, கால் வளைந்து, நடையே வேலையாகிவிடும். தீவனத்தில் சிறிது ஈஸ்ட் கலக்கலாம். பி காம்ப்ளெக்ஸ் திரவத்தின் அளவை மருத்துவரிடம் கேளுங்கள். ஓட முடியாத குஞ்சு வெயிலிலிருந்து நகரவும் முடியாது என்பதால் இதற்கும் வெப்பத்துக்கும் தொடர்பு உண்டு.

பறவைக் காய்ச்சலா என்று அக்கம்பக்கத்தில் பயப்படுகிறார்கள்.

ஒரு குஞ்சு இளைத்தால் அது பறவைக் காய்ச்சல் ஆகிவிடாது. ஆனால் அலட்சியமும் வேண்டாம். கேரளத்தின் குட்டநாட்டில் 2014இலும், ஆலப்புழை மாவட்டத்தில் 2024இலும் வாத்துகளில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் பரவி, சுற்றுவட்டாரப் பறவைகளை அழிக்க வேண்டியிருந்தது. வாத்துகள் சில சமயம் அறிகுறி இல்லாமலே கிருமியைச் சுமக்கும். உங்கள் பறவைகளோ பக்கத்து வீட்டுக் கோழிகளோ காக்கைகளோ திடீரென்று பலவாகச் செத்தால், வெறுங்கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குத் தெரிவியுங்கள். விற்கவோ சமைக்கவோ கூடாது.

சந்தையிலிருந்து எப்படிக் கொண்டுவருவது?

பக்கவாட்டில் துளையிட்ட அட்டைப்பெட்டி, அடியில் சாக்கு, காலை எட்டு மணிக்குள் பயணம். நெகிழிப்பையோ மூடிய பைக் பெட்டியோ கூடாது. நிறுத்திய காரில் குஞ்சை விட்டுவிட்டு ஒரு டீ குடிக்கும் நேரம்கூட அதிகம். வீட்டுக்கு வந்ததும் தண்ணீரை முதலில் காட்டி, பிறகு தீவனம் வையுங்கள். வாங்கும்போதே வாய் திறந்து நிற்கும் குஞ்சைப் பரிதாபப்பட்டு எடுக்காதீர்கள் என்று சொல்வேன், யாரும் கேட்பதில்லை.

இரண்டு மாதக் குஞ்சின் குரல் கம்மிவிட்டது. தொண்டையில் தொற்றா?

நன்றாகத் தின்கிறது, வாய் மூடியே இருக்கிறது, மூக்கு சுத்தமாக இருக்கிறது என்றால் மருந்து வேண்டாம். அது ஆண். கீச்சுக்குரல் உடைந்து கரகரப்பாக மாறும் வயது இது. பெட்டை அதே வயதில் ஊரைக் கூட்டும் அளவுக்குக் குவாக்கென்று கத்தத் தொடங்கிவிடும். மணிலா வாத்து என்றால் ஆண் புஸ்ஸென்று மூச்சு விடுவதுபோலத்தான் காலம் முழுவதும் பேசும்.